மிஷேல் ஒபாமா பிடித்த அட்டை

"மிஷேல் ஒபாமா அந்த அட்டையைப் பிடிக்கலைன்னா நைஜீரியப் பொண்ணுங்களைப் பத்தி ஒரு பய கவலைப்பட்டிருக்க மாட்டான்டா!" நேற்று கேண்டீனில் நண்பன் ஒருவன் திருவாய் மலர்ந்தருளியது. ஹேஷ்டேக் போராட்டமெல்லாம் மேற்கத்திய நாடுகள் திரும்பிப் பார்த்தால்தான் செல்லுபடியாகுமாம். அங்கே வாதாடியதில் டீ ஆறியதுதான் மிச்சம். மீதியை இங்கே கொட்டுகிறேன்.

2014 ஏப்ரல் 14 இரவு, நைஜீரியாவின் சிபோக் ஊர்ப் பள்ளியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் கடத்திப் போனது. 57 பேர் தப்பி வந்துவிட்டார்கள். அரசு அசையவில்லை. ஏப்ரல் 23-ல் போர்ட் ஹார்கோர்ட் நகரில் ஒரு புத்தக விழாவில் முன்னாள் கல்வி அமைச்சர் ஓபி எசெக்வெசிலி, 'எங்கள் பெண்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள்' என்று குரல் எழுப்பினார். நைஜீரிய வழக்கறிஞர் ஒருவர் அதை ட்விட்டரில் போட்டார். ஏப்ரல் 30-ல் தலைநகர் அபுஜாவில் பேரணி. மிஷேல் அம்மையார் அட்டை பிடித்ததோ மே 7. தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள் மக்களே! அந்தக் கோரிக்கை அதிபர் குட்லக் ஜோனதனுக்கு. வாஷிங்டனுக்கு அல்ல.

அப்புறம்? அமெரிக்கா பக்கத்து நாடான சாடுக்கு 80 வீரர்களை அனுப்பியது. ஆகஸ்டில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டது (நம்ம ஆட்களும்தான்!). அபுஜாப் பெண்கள் எங்கும் போகவில்லை. சிவப்பு உடையில் தினமும் கூடி உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அபுஜா போலீஸ் அதிகாரி தடை போட்டது இந்தப் பெண்களின் கூட்டத்துக்குத்தான். எதிர்ப்பு கிளம்பியதும் தலைமை பின்வாங்கியது. அரசுக்கு எது உறுத்தியது என்று புரிகிறதா?

நண்பன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஜூலை நடுவில் மலாலா போய்க் கேட்ட பிறகுதான், ஜூலை 22-ல் ஜோனதன் பெற்றோரைச் சந்தித்தார். மூன்று மாதம் பெற்ற தாய் அழுதது காதில் விழவில்லை, வெளியூர் விருந்தாளி சொன்னது விழுந்தது. இது ஹேஷ்டேகின் பலவீனமா, அந்த அதிபரின் லட்சணமா? 2015 தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் நைஜீரிய வாக்காளர்கள். சிபோக் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவும் ஒரு காரணம்.

2016 அக்டோபரில் 21 பேர், 2017 மே மாதம் 82 பேர் பேச்சுவார்த்தையில் விடுதலை ஆனார்கள். வெளிநாட்டுக் கேமராக்கள் மூட்டை கட்டி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. 2024-ல் பத்து ஆண்டு நிறைந்தபோதும் 80-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை. அன்றும் பெற்றோர் கேள்வி கேட்டது அபுஜாவைப் பார்த்துத்தான்.