கடற்கரை ரோட்டில் சைக்கிளுக்கும் இடம் வேண்டும்!

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாக சைக்கிளில் போகலாம். சுமார் 90 கிலோமீட்டர். ஒரு நாள் போதும்.

"சைக்கிளிலா! பஸ் இல்லையா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள்.

பஸ் இருக்கிறது. ஆனால் அது நிற்கிற இடத்தில்தான் நாம் இறங்க முடியும். சைக்கிளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாமே!

விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தால் 6 மணி நேரம். இளைப்பாற, சாப்பிட 4 மணி நேரம். மாலை 3 மணிக்குக் கன்னியாகுமரி!

காற்றைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் போகாதீர்கள். மேற்கே இருந்து கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். மிதிக்க மிதிக்க வண்டி நகராது. அந்தக் காற்றை நம்பித்தான் அந்தப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நிறுத்தி இருக்கிறார்கள். மார்கழி, தையில் வாடைக் காற்று. அது முதுகில் கை வைத்துத் தள்ளிக் கொடுக்கும்.

குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். 2023-ல் அந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு துண்டை வாயில் போட்டுக் கொண்டால் அடுத்த பத்து கிலோமீட்டருக்குக் கவலை இல்லை. ஒரு பக்கம் செக்கச் செவேல் என்று தேரி மணல். எங்கு பார்த்தாலும் பனை.

அடுத்தது மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் குன்றின் மேல் ஒரு மாதா கோவில் போலத் தெரியும். அது 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். அதன் பிறகு உவரி. அங்கே ஒரு ஆலயத்தைக் கப்பல் மாதிரியே கட்டி இருக்கிறார்கள். குழந்தைகள் பார்த்தால் விட மாட்டார்கள்.

பயம் எது?

இவ்வளவு அழகான வழியில் ஒரே ஒரு பயம். கடல் அல்ல. ரோடுதான்!

தார் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. பின்னால் பஸ் "பாம் பாம்" என்று வந்தால் சைக்கிள்காரர் மணலில் இறங்க வேண்டும். சக்கரம் புதையும். ஆள் சாய்வார். எந்தப் பக்கம் சாய்வார் என்பது அவர் கையில் இல்லை.

"ஊர் சுற்றுகிறவர்களுக்காக ரோடு போட முடியுமா?" என்று கேட்கலாம்.

ஊர் சுற்றுகிறவர் வருஷத்துக்கு ஒரு நாள் போவார். அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் போகிறார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம். சைக்கிளைக் கொடுத்தவர்கள், அதை ஓட்ட ஐந்தடி இடமும் கொடுக்க வேண்டாமா? உப்பளத்துக்குப் போகிறவர்களும், மீன் கூடையைக் கேரியரில் கட்டிக் கொண்டு போகிறவர்களும் அந்த மணல் ஓரத்தில்தான் போகிறார்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். இனி லாரிகள் பெருகும். கார்கள் பெருகும். ரோடுகளை அகலப்படுத்துவார்கள். அப்போதே இரண்டு பக்கமும் ஐந்தடி சைக்கிள் பாதை விட வேண்டும். பனைகளை வெட்டாமல் பாதையைக் கொஞ்சம் வளைத்துப் போடலாம். ஊருக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய் வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவதற்கு மட்டும் அரசாங்கம் வர வேண்டாம். அதற்கு அந்தந்த ஊரில் ஆள் இருக்கிறது!