அம்மா லேப்டாப்பை எடைக்குப் போடாதீர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கறம்பக்குடியில் கேட்டாலும் பொன்னமராவதியில் கேட்டாலும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே தீர்ப்புதான். "பழசாயிடுச்சு சார், அதான் ஸ்லோ. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க." தீர்ப்புச் சொன்னவர் மெஷினைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். நெட் இழுக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: "பெரிய பிளானா மாத்துங்க." படித்தவர்கள், ஆசிரியர்கள், கணினி சென்டர் வைத்திருப்பவர்கள் வரை இந்த இரண்டையும் வேதவாக்காக நம்புகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் பொய்.

கம்ப்யூட்டருக்கு வயதானால் மூட்டு வலி வருவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு நொடியில் போட்ட கணக்கை அதன் செயலி இன்றும் அதே நொடியில்தான் போடுகிறது. கூடிப்போனது அதன்மேல் நாம் ஏற்றிய சுமை. அந்தச் சுமையில் முதலில் மூச்சு வாங்குவது செயலி அல்ல, ஹார்ட் டிஸ்க். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஒரு முள் அங்குமிங்கும் ஓடி ஒவ்வொரு கோப்பாகத் தேடுகிறது. நொடிக்குச் சுமார் நூறு தேடல், அவ்வளவுதான் அதன் சக்தி. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்டால் அது என்ன செய்யும்? சுற்றும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையைப் பல்லாயிரம் தேடல் வேகத்தில் முடித்துவிடும். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாட்டா இணைப்பு. பின்மூடியைக் கழற்றி, பழையதை உருவி, புதியதைச் செருகி, சிஸ்டத்தை மறுபடி ஏற்றினால் வேலை முடிந்தது.

நம் வீடுகளில் அடுக்கிக் கிடக்கும் சரக்கைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. மூடியில் முதல்வர் படம் போட்ட அந்த மெஷின் இல்லாத தெரு திருமயத்திலும் இல்லை, ஆலங்குடியிலும் இல்லை. முதலில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். இப்போது அவை பரணில் கிடக்கின்றன, இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் தராசில். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினிச் சாதனம் என்று அரசு அறிவித்தது. அதன்படி வரும் லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. புதிய செயலியும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் போட, பாடம் பார்க்க, கடிதம் அடிக்கப் பயன்படுத்துகிறவருக்கு முதலில் தெரியும் வித்தியாசம் ரேமும் எஸ்.எஸ்.டி.யும்தான். அந்த இரண்டையும் பழைய பெட்டியிலும் போடலாம்.

பெரிய செலவே இல்லாத குறைகளுக்கும் சேர்த்துத்தான் இங்கே மரண தண்டனை. செம்மண் பூமி நம்முடையது. மின்விசிறிக்கும் அதன் எதிரிலுள்ள செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பிரஷ் போதும். இன்னொன்று இதைவிட வேடிக்கை. போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால், அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றையும் உலாவி ஏற்காது; திரை முழுக்க எச்சரிக்கை வரும். "நெட்டும் போச்சு, சிஸ்டமும் போச்சு" என்பார்கள். போனது வாட்ச் கடையில் கிடைக்கும் ஒரு பேட்டரி!

"விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சே?" என்பது அடுத்த பூச்சாண்டி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. விண்டோஸ் 11 பழைய செயலிகளைச் சேர்த்துக்கொள்ளாததும் உண்மை. அது அந்தக் கம்பெனியின் முடிவு, உங்கள் மெஷினின் ஆயுள் ரேகை இல்லை. பாதுகாப்பு கைவிடப்பட்ட விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லவில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போடுங்கள் என்கிறேன், காசு கிடையாது. "லினக்ஸெல்லாம் நமக்கு வராது" என்று சொல்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அரசு லேப்டாப்பிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்தது. நாம்தான் அதைத் திறக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இல்லையே என்றும் தயங்க வேண்டாம்; நம் மேல்நிலைப் பாடநூல் ஸ்டார் ஆபீஸைத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு, பிளஸ் டூ பாடத்திலுள்ள பைத்தானும் ஓடும்.

கிடைத்ததை வைத்து ஓட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதா? 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அது இன்னும் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த அம்மாக்களின் பேத்தி இன்று "புது லேப்டாப் வரட்டும்" என்று செல்போனில் கட்டைவிரலால் கட்டுரை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இனி வைஃபை. 100 எம்.பி.பி.எஸ். பிளான் என்பது ரவுட்டர் வாசல் வரைக்கும்தான் உத்தரவாதம். அங்கிருந்து படுக்கையறைக்கு எவ்வளவு போகிறது என்பது சுவரின் கையில் இருக்கிறது. ஃபைபர் போட வரும் பையன் வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவான். முன்னறையில் டிவிக்குப் பின்னால், பக்கத்தில் இரும்பு பீரோ. பிறகு பின்கட்டில் நெட் வரவில்லை என்று 300-க்கு மாற்றுவது, தொட்டி ஓட்டையாக இருக்கையில் மோட்டாரைப் பெரிதாக்குவது போல. ராயவரம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் கேட்கவே வேண்டாம், அந்தச் சுண்ணாம்புச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை லேசில் தாண்டாது. 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் அவற்றுக்கு அது எட்டாது. பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். முடியாவிட்டால் ஒரு லேன் வயரை இரண்டாம் கட்டு வரை இழுத்து, அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரை அங்கே மாட்டுங்கள். அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டு, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாமல் மாற்றி, லேன் துளையில் செருக வேண்டும். ஃபுல் எச்.டி. படம் பார்க்க 5 எம்.பி.பி.எஸ். போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு 300 எதற்கு?

எல்லா மெஷினையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. போர்டு எரிந்தது போனதுதான். வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் செய்பவர் புதிது வாங்கித்தான் ஆகவேண்டும். கடைக்காரரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. புதிது விற்றால் கிடைப்பது பழையதைத் துடைத்துக் கொடுத்தால் அவருக்குக் கிடைக்காது. கேட்க வேண்டியவர் நாம்.

அடுத்த முறை புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் போகும்போது பரணில் கிடப்பதையும் எடுத்துப் போங்கள். "புதுசு என்ன விலை?" என்று ஆரம்பிக்காமல், "எஸ்.எஸ்.டி. போட்டு ரேம் ஏத்தினா எவ்வளவு?" என்று கேளுங்கள். கிளம்பும் முன் அதில் இருக்கும் குடும்பப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் முதல் கேள்வியே, "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" என்பதுதான்.