மொட்டை மாடிச் சூரிய மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்: அரசுச் செயலாளர், எரிசக்தித் துறை, கர்நாடக அரசு, பெங்களூரு.
அனுப்புநர்: அல்சூர் வட்டாரக் குடியிருப்போர் சங்கத்தார்.
பொருள்: அடுக்குமாடி, வாடகை வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் – கோரிக்கை.

மதிப்பிற்குரியீர்,

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், மாடியில் சூரிய மின்தகடு அமைக்கும் வீட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ ஆனால் 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. சொந்த மாடியும் சொந்த மீட்டரும் உள்ளவருக்கு இது எளிதில் எட்டுகிறது. அல்சூரில் அத்தகையோர் சிலரே. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் நான்கு தளம் எழுப்பி வாடகைக்கும் போக்கியத்துக்கும் விட்ட கட்டடங்களில், படிக்கட்டின் கீழ் ஒரே பலகையில் ஏழெட்டு மீட்டர்கள் இருக்க, மேலே தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் போக எஞ்சுவது ஒரே மொட்டை மாடி.

வீட்டில் உற்பத்தியாகி மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பி வழியே திருப்பி அனுப்பி, அந்த யூனிட்டுகளைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது நெட் மீட்டரிங் எனப்படும். ஓரிடத்தில் விளையும் யூனிட்டுகளைப் பல மீட்டர்களின் கணக்கில் விகிதப்படி வரவு வைப்பது விர்ச்சுவல் நெட் மீட்டரிங். அந்தப் பலகையிலுள்ள எல்லா மீட்டர்களுக்கும் மாடி வெயிலைப் பங்கிட இதைவிட நேரான வழி இல்லை என்பதால், வாடகைதாரரும் சேரும் வகையிலும், வீடு மாறினால் பங்கு அடுத்து வருபவர் பெயருக்குத் தானாக மாறும் வகையிலும், இம்முறையை எளிய படிவத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை.

மின்சாரத்தில் புதிய வழிகளை முயல்வது இந்நகருக்குப் புதிதன்று. சிவனசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902இல் தமிழ்த் தொழிலாளர் திரளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கும், 1905இல் பெங்களூருத் தெருவிளக்குகளுக்கும் வந்தது. 2007இல் குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் கட்டாயமாக்கப்பட்டதும், அதை வைத்திருப்போருக்குக் கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா வீதம் மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடி தரப்பட்டதும், ஆணையும் சலுகையும் ஒருங்கே வந்தால் மாடிகள் மாறும் என்பதைக் காட்டின.

2023 முதல் நடைமுறையிலுள்ள கிருஹ ஜோதி, அதாவது மாதம் 200 யூனிட் வரை இலவசமாக வழங்கும் திட்டம், எளியோருக்குப் பெருந்துணை. அது தொடர வேண்டும். சூரிய மின்சாரத்துக்கு மாறுவோர் அச்சலுகையை இழப்பார்களா என்பதை அரசு எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்த வேண்டும். அத்தெளிவின்றி எந்தக் குடும்பமும் கடன் வாங்கித் தகடு பொருத்தத் துணியாது.

மேலும், 2024இல் திருத்தப்பட்ட ஒன்றிய விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்பதை ஒவ்வொரு மின் பிரிவு அலுவலக வாயிலிலும் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்குமாறும், அல்சூரில் ஒரு வாடகைக் கட்டடத்தை முன்மாதிரியாகத் தேர்ந்து அடுத்த கோடைக்குள் விர்ச்சுவல் நெட் மீட்டரிங் முறையைத் தொடங்குமாறும் சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.