ஜிலேபிக்குப் போட்ட தூண்டிலில் ஏழு கிலோ கெளுத்தி

பூந்தமல்லி அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பருத்திப்பட்டுப் பக்கம் கூவம் ஆற்றில் மழைத் தண்ணீர் ஓடியபோது, ஞாயிற்றுக்கிழமை மகனோடு தூண்டில் போடப் போனார். மண்புழு கோத்துப் போட்டது ஜிலேபிக்கு. தக்கை முங்கியதும் இழுத்தால் நரம்பு கையை அறுக்கிறது. கால் மணி நேரம் போராடிக் கரையேற்றியது மூன்றடிக்கு மேல் நீளமான கெளுத்தி. எடை ஏழு கிலோ. இவ்வளவு பெரிய மீனை வெட்ட மனம் வராமல், மகன் அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கள் பத்து சென்ட் பண்ணைக்குட்டையில் விட்டுவிட்டார். குட்டையில் ஒரு மாதம் முன்புதான் கட்லா, ரோகு குஞ்சு 200 விட்டிருக்கிறார்கள். இந்தக் கெளுத்தியை அப்படியே வளர்க்கலாமா, இன்னொன்று பிடித்து ஜோடி சேர்த்தால் குஞ்சு எடுக்கலாமா என்பது கேள்வி.

வளர்க்கக் கூடாது. முதல் வேலையாக அந்த மீனைக் குட்டையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

அந்த எடையும் நீளமும் பார்த்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்திதான். நம் ஊர் நாட்டுக் கெளுத்தி ஒன்றரை அடியைத் தாண்டுவது அபூர்வம், அதற்கு முன்பே வளர்ச்சி நின்றுவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதன் சொந்த ஆறுகளில் ஐந்தடிக்கு மேலும் வளரும். மண்வெட்டி போலத் தட்டையான பெரிய தலை, சாம்பல் உடம்பில் திட்டுத் திட்டாகக் கறை, நான்கு ஜோடி நீண்ட மீசை. சந்தேகம் இருந்தால் தலையோடு சேர்த்துப் படம் எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்திலோ, பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலோ காட்டினால் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த மீன் 1990களின் தொடக்கத்தில் அரசு அனுமதி எதுவும் இல்லாமல் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. வேகமாக வளரும், கோழிக்கடைக் கழிவைப் போட்டாலும் தின்னும், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் சாகாது. செலவில்லாத மீன் என்று பண்ணைக்காரர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு வளர்ப்பைத் தடை செய்தது. தடை வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியும், ‘ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்காதீர்கள், இருந்தால் அழித்துவிடுங்கள்’ என்று மாவட்ட நிர்வாகங்கள் இன்னும் அறிவிப்பு கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மறைவாக வளர்ப்பவர்கள் ஒழியவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

வளர்ப்பவர் குளத்தோடு அது நின்றுவிட்டால் பரவாயில்லை. செவுளோடு சேர்ந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் இதற்கு உண்டு. ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும். அந்தப் பையன் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தும் சாகாததற்குக் காரணம் இதுதான். மழை ராத்திரியில் பக்கத் துடுப்பை ஊன்றி, உடம்பை வளைத்து வளைத்து, ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குத் தரை வழியாகவே போகும். புது வெள்ளம் வந்ததும் புல் மூழ்கிய கரையோரம் போய் முட்டையிடும். ஒரு பெரிய தாய் மீன் ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டை போடும்.

இந்தப் பக்கத்து நீர்வழியை நினைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. கூவமோ திருவள்ளூர் மாவட்டத்தின் வயல்வெளிகளைத் தாண்டி, பருத்திப்பட்டு, அயனம்பாக்கம் வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எது ஏரி, எது தெரு என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. கரை உடைந்த ஒரு குட்டையிலிருந்து நாலு கெளுத்தி தப்பினால், அதற்குக் கீழே உள்ள எந்த ஏரிக்கும் அது போய்ச் சேரலாம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டவர் வலை போடும்போது கட்லாவுக்குப் பதில் கெளுத்தியைத்தான் அள்ளுவார். குரவையும் விராலும் நாட்டுக் கெளுத்தியும் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும்.

கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு அமேசான் ஆற்று அரபைமா கிடைத்தது. யாரோ தொட்டியிலும் குளத்திலும் வைத்திருந்தது வெள்ளத்தோடு ஆற்றுக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் கொளத்தூர் பெரிய வண்ணமீன் சந்தை. தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட ‘டேங்க் கிளீனர்’ மீனைக் கொல்ல மனமில்லாமல் ஏரியில் விடுகிறவர்கள் செய்வதும் இதே காரியம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இவர் ஆசைப்பட்டுப் போன ஜிலேபியும் ஆப்பிரிக்க மீன்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குளம் குளமாகப் பரவி, இன்று நாட்டு மீன் போலவே ஆகிவிட்டது. அதை இனி ஆற்றிலிருந்து எடுக்க யாராலும் முடியாது. கெளுத்தி விஷயத்திலும் அந்த நிலை வரலாமா என்பதை யோசிக்க வேண்டும்.

அரசே யோசித்து விட்ட மீனும் கணக்கு தப்பும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். மிச்சிகன் ஏரியில் கடலிலிருந்து வந்த ஒரு சிறு மீன் பெருகி, கரையெல்லாம் செத்து நாறியது. அதைத் தின்ன 1966-இல் பசிபிக் கடல் பக்கத்துச் சால்மன் குஞ்சுகளை அரசே விட்டது. அடுத்தடுத்த வருடங்களில் தூண்டில்காரர்களுக்குப் பெரிய பெரிய சால்மன் சிக்கியது, ஊரே கொண்டாடியது. பக்கத்து ஹூரான் ஏரியில் 2003-04 வாக்கில் இரை மீன் அடியோடு குறைந்துபோக, சால்மனும் சரிந்தது. வருடா வருடம் எண்ணிப் பார்த்து விட்டவர்களுக்கே இந்தக் கதி. சாக்கில் சுற்றி வந்ததைக் குட்டையில் விட்டால் யார் எண்ணுவது?

இனி குட்டை விஷயம். ஒரு மாதக் குஞ்சு விரல் நீளம் இருக்கும். ஏழு கிலோ கெளுத்திக்கு அது ஒரு வாய்க்குக் காணாது. இரவில்தான் அதிகம் மேயும் என்பதால், பகலில் தண்ணீர் அமைதியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. வாசகர் இன்றிரவே கோழிக்குடலை மாட்டிக் கனமான தூண்டில் நாலைந்து போடலாம். பலன் இல்லையென்றால் ஆள் வைத்து இழுவலை இழுக்கலாம். கெளுத்தி சேற்றில் புதையும், ஆகவே வலையின் அடிப்பகுதி தரையோடு ஒட்டி வர வேண்டும். பிடித்தால் பக்கத் துடுப்பின் முள்ளைக் கவனிக்கவும், கையில் ஏறினால் வீங்கி வலிக்கும். கரையில் சும்மா போட்டு வைத்தால் சாகாது, நழுவித் திரும்பவும் தண்ணீருக்குப் போய்விடும். தலையில் பலமாக ஓர் அடி அடித்துக் கொன்றுவிடுவதுதான் முறை.

குழம்பு வைக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள். இது விஷ மீன் கிடையாது. நைஜீரியாவில் பண்ணை மீன் என்றாலே இதுதான். இங்கே யோசிக்க வேண்டியது அது வளர்ந்த தண்ணீர். ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஆற்றில், அடிச்சேற்றைக் கிளறித் தின்று பல வருடம் வளர்ந்த பெரிய மீனின் உடம்பில் உலோக நஞ்சு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். தென்னைக்கு இரண்டடிக் குழி தோண்டிப் புதைத்தால் நல்ல எரு.

ஜோடி சேர்ப்பது பற்றிய கேள்விக்குத் தடைச் சட்டமே பதில். குஞ்சு எடுப்பதும் விற்பதும் அந்தத் தடைக்குள் வரும். கெளுத்தி இனத்தில்தான் விருப்பம் என்றால் நாட்டுக் கெளுத்தி இருக்கிறது. மெதுவாக வளரும், குஞ்சு கிடைப்பதும் சிரமம், ஆனால் சந்தையில் நல்ல விலை.

மீனைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறையும்போது குட்டையை முழுக்க வற்றவிட்டு, அடி மண் வெடிக்கும்வரை காயப்போடுவதே உறுதியான வழி. ஈரச் சேறு தங்கும் மூலைகளை வெட்டிப் பார்க்க வேண்டும், அங்கேதான் பதுங்கும். முழுக்க வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். பத்து சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிலோ தேவைப்படும். ஊறவைத்துக் கரைத்துக் குட்டை முழுக்கத் தெளிக்க வேண்டும். எல்லா மீனும் செத்துவிடும் என்பதால், மிஞ்சிய கட்லா, ரோகுவை முன்பே வலை போட்டு எடுத்துவிடவும். மூன்று வாரம் அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டாமலும், வாய்க்காலில் திறந்துவிடாமலும் இருக்க வேண்டும். அதன் பிறகு புண்ணாக்கே குட்டைக்கு உரமாகிவிடும்.

வாய்க்கால் தண்ணீர் உள்ளே வரும் மடையில் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினால் குஞ்சாக நுழைவது நிற்கும். கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை அடித்தால் தரை வழியாக வருவதும் நிற்கும். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது அரசு மீன்குஞ்சுப் பண்ணையிலோ, பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்கி, பையைக் குட்டையில் கவிழ்ப்பதற்கு முன் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கவும். கட்லாவுக்கு மீசை கிடையாது, ரோகுவுக்கு இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நீண்ட மீசையோடு ஒரு குஞ்சு நெளிந்தாலும் அந்தப் பையை அப்படியே விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.