நாம் தேடிப் போகாத கர்னல்

2020 டிசம்பர் 31 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் கர்னல் நரேந்திர குமார் காலமானார். வயது 87. மறுநாள் புத்தாண்டு. நம்மில் பெரும்பாலோர் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர்களும் கடந்து போனோம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சியாச்சினில் நம் பிள்ளைகள் உயிர்விட்டபோது கதறிய நாம், அந்தப் பனிக்கு வழி கண்ட மனிதரை அவர் இருந்த காலத்தில் தேடிப் போகவில்லை.

2016 பிப்ரவரியில், சியாச்சின் பனியாற்றில் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்முகாம் மீது பனிச்சுவர் சரிந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் முகாமில் இருந்த 10 பேர் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவுக்காக நாடே வேண்டிக்கொண்டது. 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். உடல்கள் வந்தன, மாலை போட்டோம், போஸ்டர் ஒட்டினோம். அத்தோடு சரி. அந்த உயரத்தில் ஓர் ஆள் எப்படித் தூங்குகிறான், எப்படி மூச்சு விடுகிறான், முதலில் அங்கே யார் போனது என்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குக் குமார் இருந்தார், 82 வயதில், டெல்லியிலேயே.

குமாவுன் ரெஜிமெண்ட்காரர். பயிற்சிக் காலக் குத்துச்சண்டையில் முட்டி மோதிய வேகத்தைப் பார்த்துக் ‘காளை’ என்று பெயர் வைத்தார்கள். 1961இல் நீலகண்ட மலையில் பனிக்கடி பட்டுக் கால்விரல்கள் நான்கை இழந்தார். செங்குத்தான பனியில் முன்பாதத்தை ஊன்றித்தான் ஏற வேண்டும். அந்தப் பிடிமானமே விரல்களில் இருக்கிறது. அது போன பிறகுதான் 1964இல் நந்தா தேவி, 1965 எவரெஸ்ட் குழுவின் துணைத்தலைமை, 1977இல் கஞ்சன்ஜங்கா குழுவின் தலைமை எல்லாம். பதக்கங்கள் பல. அவற்றைவிட, டார்ஜிலிங் மலையேற்றக் கழகத்திலும் குல்மார்க் பனிச்சறுக்குப் பள்ளியிலும் இளைஞர்களுக்கு மலையைப் பழக்கிய உழைப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சியாச்சின் கதை ஒரு வரைபடத்தில் தொடங்குகிறது. இந்தியா–பாகிஸ்தான் போர்நிறுத்தக் கோடு என்ஜே 9842 என்ற புள்ளியோடு நின்றுவிட, அதற்கு அப்பால் பனியாறுகளை நோக்கி வடக்கே என்று மட்டும் ஒப்பந்தம் சொன்னது. வெளிநாட்டு வரைபடம் ஒன்றில், சியாச்சின் பாகிஸ்தான் பக்கம் போகும்படி அந்தக் கோடு காரகோரம் கணவாய்வரை இழுக்கப்பட்டிருந்ததைக் குமார் கவனித்தார். மேலதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லி அனுமதி வாங்கி, 1978இல் குழுவோடு பனியாற்றில் ஏறினார். வெளிநாட்டுக் குழுக்கள் வந்துபோனதற்கு, அவர்கள் விட்டுப்போன குப்பையே அங்கே சாட்சியாகக் கிடந்தது. 1981இல் மறுபடி போய், 76 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாற்றின் தலைப்பகுதிவரை நடந்தார். சியாச்சினைக் கைப்பற்ற நம் ராணுவம் 1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய மேக்தூத் நடவடிக்கைக்கு அவர் கொண்டுவந்த படங்களும் குறிப்புகளும் கைகொடுத்தன. பனியாற்றில் இருக்கும் ஒரு ராணுவத் தளத்துக்குக் குமார் தளம் என்றே பெயர்.

ராணுவம் அவர் பெயரைக் காப்பாற்றியது. நாம்தான் எதுவும் செய்யவில்லை. சாவு விழுந்தால்தான் சிப்பாய் நமக்குச் செய்தி. ஓய்வுபெற்று வந்துவிட்டால் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் இன்னொரு பெரியவர். சியாச்சினில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கிக் குடித்ததைப் பற்றியும், இரவுக் காவலில் விரல் மரத்ததைப் பற்றியும் அவர்களால் சொல்ல முடியும். ஆகஸ்ட் 15க்கு அவர்களைக் கொடியேற்றக் கூப்பிடுகிற பள்ளிக்கூடங்கள், மிட்டாய் கொடுத்தவுடன் அனுப்பிவிடாமல், ஒரு மணி நேரம் பிள்ளைகள் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். அதைப் பதிவு செய்யக் கைப்பேசி ஒன்று போதும்.