புராஜெக்ட் ஊருக்குப் பயன்படட்டும்: கள்ளக்குறிச்சி மாவட்டக் கணினி மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: உயர்கல்வித் துறை, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம், மாவட்டக் கல்லூரி முதல்வர்கள், பொதுமக்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பாலிடெக்னிக், கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களாகிய நாங்கள் இந்தச் சாசனத்தைப் பொதுவில் வைக்கிறோம். இறுதியாண்டில் நாங்கள் குழுவாகச் செய்யும் நெட்வொர்க் திட்டமும் வெப்சைட்டும் இந்த மாவட்டத்திலேயே உள்ள ஒரு பள்ளிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ, ஊராட்சிக்கோ பயன்பட வேண்டும். வைவா எனும் வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகும் அது இயங்க வேண்டும். இதுவே எங்கள் அடிப்படைக் கோரிக்கை.

இன்றைய நிலை

கடைசி செமஸ்டர் வந்ததும் மாணவர்கள் பலர் வெளியூர்ப் புராஜெக்ட் சென்டர்களைத் தேடிப் போகிறார்கள். மருத்துவமனை மேலாண்மை, நூலக மேலாண்மை, ஆன்லைன் கடை என ஆண்டுதோறும் அதே தலைப்புகள்தான். நிரல், பிபிடி, அறிக்கை மூன்றும் ஒரே விலைக்குக் கிடைத்துவிடும். பைண்டிங் போட்டு, வெளித் தேர்வாளர் முன் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் வேலை முடிந்தது. அறிக்கை துறை அலமாரிக்குப் போய்ச் சேரும். அந்த மருத்துவமனையோ நூலகமோ எங்கும் இருந்ததே இல்லை.

இதில் மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊருக்குள் போய் யாருக்கு என்ன தேவை என்று கேட்டுவர அனுமதிக் கடிதம் தருவாரில்லை. பஸ் கட்டணமும் தருவாரில்லை. பாடவேளையில் அதற்கு இடமும் இல்லை. செய்த பொருள் யாருக்காவது பயன்பட்டதா என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

தேவை நம் கண்முன்னே இருக்கிறது

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய மாவட்டம் இது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் பரம்பரையாக உளி பிடிக்கும் சிற்பிகள் தங்கள் பெயரிலேயே பொருளைக் காட்டி, விலை சொல்லி, ஆர்டர் எடுக்க ஒரு நல்ல தளம் வேண்டும்.

கல்வராயன் மலையின் தேவை இன்னும் பெரிது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். மலையாளி பழங்குடி மக்களின் கிராமங்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. இம்மக்களின் அடிப்படை வசதிகளை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் போலவே இணைய இணைப்பும் இன்று அடிப்படை வசதிதான். சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்கின்றன.

மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு நெட்வொர்க் திட்டம் போடுவதை எடுத்துக்கொள்வோம். வகுப்பறைக் கட்டடம் ஓரிடம், விடுதி வேறிடம். செம்புக் கேபிளின் வரம்பு 100 மீட்டர். இடைவெளி அதைத் தாண்டினால் ஃபைபர் இழுக்க வேண்டும், அல்லது இரு கூரைகளுக்கிடையே நேர்பார்வையில் வயர்லெஸ் இணைப்பு வைக்க வேண்டும். நடுவே மரம் இருந்தால் கம்பத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். இடி மின்னலுக்குச் சரியான எர்த்திங்கும் சர்ஜ் புரொடக்டரும், மின்வெட்டுக்கு யுபிஎஸ்ஸும் தேவை. இணைப்பு அறுந்துபோகும் நாளிலும் பிள்ளைகள் படிக்க, பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் உள்ளூரிலேயே வைத்திருக்கும் சிறு சர்வர் வேண்டும். இதை நேரில் போய் அளந்து திட்டமிடும் மாணவர், நெட்வொர்க் பாடப்புத்தகம் முழுவதையும் ஒரு பள்ளி வளாகத்திலேயே கற்றுவிடுவார்.

முன்மாதிரிகள் உண்டு

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டத்தில் மாணவர் குழுக்கள் உள்ளூர்ச் சேவை அமைப்புகளுக்காக வேலை செய்கின்றன. இளைய, மூத்த மாணவர்கள் ஒரே குழுவில் இருப்பதால் மூத்தவர் பட்டம் பெற்றுப் போனாலும் வேலை அறுபடுவதில்லை. நம் நாட்டில் 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், பங்கேற்கும் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்க வழி செய்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. பக்கத்திலேயே விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பித்து வருகிறது. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் போதும்.

எங்கள் கோரிக்கைகள்

1. மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு தேவைப் பட்டியல் வெளியிட வேண்டும். அரசுப் பள்ளிகள், நூலகங்கள், ஊராட்சிகள், மகளிர் குழுக்கள், மரச்சிற்பக் கைவினைஞர் சங்கங்கள், மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே அதில் எழுத வேண்டும்.

2. பட்டியலில் இருந்து ஒரு வேலையை எடுக்கும் குழுவுக்கு அனுமதிக் கடிதம், பயணச் செலவு, நேரில் அளக்க வார நாள் ஒன்று ஆகியவற்றைக் கல்லூரி தர வேண்டும்.

3. புராஜெக்ட் மதிப்பெண்ணில் குறைந்தது 40 சதவீதத்தை, பயன்படுத்தும் அமைப்பின் கருத்துக்கும் ஒப்படைப்புக்கும் ஒதுக்க வேண்டும். விலைக்கு வாங்கிய அறிக்கைக்கு மதிப்பெண் தரக்கூடாது.

4. டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் மூன்றும் முதல் நாளிலிருந்தே அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். மாணவரின் சொந்த ஜிமெயிலில் பதிந்தால், அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனதும் புதுப்பிப்பு அறிவிப்பு யார் கண்ணிலும் படாது. தளம் நின்றுபோகும், சில வாரங்களில் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிவிடலாம்.

5. ஒவ்வொரு வேலையும் ஓர் ஒப்படைப்புக் கோப்புடன் முடிய வேண்டும். கேபிள் போகும் பாதையின் வரைபடம், ஐபி முகவரிப் பட்டியல், கடவுச்சொற்கள் அடங்கிய மூடிய உறை, புதுப்பிக்கும் தேதி, பேக்கப் நகல், பழுது வந்தால் செய்ய வேண்டியவை ஆகியவை அதில் தமிழில் இருக்க வேண்டும்.

6. தளங்கள் தமிழில், ஒருங்குறியில் இருக்க வேண்டும். தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. குறைந்த விலை போனிலும் மெதுவான சிக்னலிலும் பக்கம் திறக்க, படங்களைச் சுருக்கிப் போட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்வதுபோல், பார்வையற்றவர் திரைவாசிப்பு மென்பொருளாலும் படிக்க முடிய வேண்டும்.

7. பள்ளிப் பிள்ளைகளின் படம், பெயர், முகவரியைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் எந்தத் தளத்திலும் போடக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒவ்வொரு குழுவுக்கும் கற்றுத்தர வேண்டும்.

8. கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் தர வேண்டும். லைசென்ஸ் கட்டணத்தைச் சிறிய சங்கங்கள் ஆண்டுதோறும் சுமக்க முடியாது.

9. குழுவுக்கு ₹10,000 வரை செயல்முறைச் செலவு தர வேண்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியில் இத்தகைய வேலைகளுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். மலைப்பகுதி வேலைகளுக்குத் தொகையைக் கூட்டித் தர வேண்டும்.

10. இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரை ஒவ்வொரு குழுவிலும் சேர்த்து, அடுத்த ஆண்டின் பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பாசிரியருக்கு இதைப் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும்.

11. ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தின் ஃபைபர் வந்துவிட்ட ஊராட்சிகள் எவை, இன்னும் வராதவை எவை என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் கிராமவாரியாக வெளியிட வேண்டும். கல்வராயன் மலையில் விடுபட்ட கிராமங்களுக்கு முன்னுரிமை தந்து இணைப்புக் கொடுக்க வேண்டும். கேபிள் வராத ஊருக்கு மாணவர் போடும் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நாங்கள் நிற்கவில்லை. ஏற்றுக்கொண்ட வேலையைப் பாதியில் விடமாட்டோம். ஊர்க்காரர்களின் தேவையை முதலில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே கம்ப்யூட்டரைத் திறப்போம். அவர்கள் கேட்காத அலங்காரங்களைத் தளத்தில் ஏற்ற மாட்டோம். மலைக்குப் போகும்போது அம்மக்களின் வழக்கங்களை மதிப்போம். அவர்களின் பிள்ளைகளில் கணினி படிப்பவர்களை எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வோம். சங்கத்தில் ஒருவருக்கேனும் தளத்தைத் தாமே திருத்தக் கற்றுத்தந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கருதுவோம்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய துறை வேண்டாம். உழைப்பு ஏற்கெனவே இருக்கிறது: ஒவ்வொரு இறுதியாண்டு மாணவரும் மாதக்கணக்கில் புராஜெக்டுக்குச் செலவிடுகிறார். அதை அலமாரியிலிருந்து ஊருக்குத் திருப்பிவிடும் ஆணையும் மேலே கேட்ட உதவிகளும் போதும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் மாவட்ட நிர்வாகமும் பல்கலைக்கழகங்களும் மாணவர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி இந்தக் கோரிக்கைகளை நிறைவேற்ற வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் சங்கங்களும் இந்தச் சாசனத்தில் கையெழுத்திட்டு எங்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.