சட்டையில் வளர இடம்

சென்ற கிழமை எமது இல்லத்துச் சிறுமியின் வெள்ளைச் சீருடையைப் பெரிதாக்க எண்ணிப் பக்கத் தையலைப் பிரித்தோம். பிரித்த பின்னரே நிலைமை விளங்கிற்று. ஓவர்லொக் இயந்திரத்தில் ஓரம் அடித்தபோது, அதன் கத்தி மிகுதித் துணியை வெட்டிக் கால் அங்குலம் மட்டுமே விட்டுவைத்திருந்தது. தைத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. விட்டுத் தையுங்கள் என்று நாம் சொல்லவுமில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். நல்ல துணி வீணாயிற்று.

வளரும் பிள்ளைகளின் உடைக்குச் சிக்சாக் தையலே ஏற்றதென நாம் கருதுவது இதனாலேதான். அது துணியை வெட்டுவதில்லை. ஊசி இடமும் வலமுமாக ஆடி, நூலை ஓரத்தின்மேல் வளைத்துக் கட்டுகின்றது. இழைகள் கழன்று வருவதில்லை. 1873ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரமொன்றுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் ஹெலன் பிளாஞ்சார்ட் என்னும் பெண்மணி. ஓரம் பிரிகின்ற தொல்லையை அறிந்தவர் பெண்தானே!

சகோதரிகளே, பக்கத் தையலுக்கு ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். துண்டுகளைப் பொருத்துமுன் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தனித்தனியே அடித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டையும் சேர்த்து அடித்தால், பின்னர் பெரிதாக்கும்போது அதனையும் பிரிக்க நேரும். தையலின் அகலத்தை 3 மில்லிமீற்றரிலும் நீளத்தை 2 மில்லிமீற்றரிலும் வைத்து, முதலில் ஒரு வெட்டுத்துண்டில் அடித்துப் பாருங்கள். ஊசி இடப்புறம் துணியிலும், வலப்புறம் ஓரத்துக்கு மயிரிழை வெளியேயும் விழவேண்டும். இதிலேதான் பலர் தவறுகின்றனர். இருபுறமும் துணிக்குள்ளேயே விழுந்தால், தையல்வரை ஓரம் பிசிறாகிவிடும்.

மெல்லிய துணி சுருண்டு குழாய்போலாகுமாயின், மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி அகலத்தையும் குறையுங்கள். அப்போதும் சுருண்டால், ஓரத்துக்குச் சற்று உள்ளே அடித்து, வெளியே நிற்பதைத் தையலிற் படாமற் கத்தரிக்கலாம்.

காலால் மிதிக்கும் பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் நேர்த்தையல் மட்டுமே தைப்பவை. அவற்றை வைத்திருப்போர் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, மடிப்பின்மேல் ஒரு தையல் ஓட்டினாற் போதும். தடித்த துணியில் மடிப்புத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குக் கையினால் ஓரம் சுற்றித் தைப்பதே நன்று. எதுவாயினும் முதற் சலவைக்கு முன்னரே செய்துவிடவேண்டும்.

சிறுமிக்குப் புதுச் சீருடை வெட்டியாயிற்று. இம்முறை ஓரத்தை நாமே அடித்தோம்.